வெயில் ஊருக்கும் வால்வு வேண்டும்

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்? குளிர் நாட்டுக்காரன் அவன் வசதிக்கு வெச்சது. கழட்டிட்டேன். இனிமே வண்டி ஹீட்டே ஆகாது."

தமிழ்நாட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களில் இதைக் கேட்காதவர் குறைவு. சொல்கிறவர் ஏமாற்றுக்காரர் இல்லை. பெரும்பாலும் கைவேலை தெரிந்த மெக்கானிக்தான். தன் குரு சொன்னதை அப்படியே சொல்கிறார். கேட்பவரும் தலையாட்டுகிறார். வெளியே நாற்பது டிகிரி கொளுத்தும்போது என்ஜின் சூடேறுவதற்கென்று ஒரு சாமான் எதற்கு என்பது காதுக்கு நியாயமாகத்தான் படுகிறது. கழற்றிய தெர்மோஸ்டாட் வால்வு பட்டறை மூலையில் பழைய போல்ட்டுகளோடு விழுகிறது. இந்த வாதம் அடியோடு தவறு. நான் விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தச் சாமானைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். நடுவில் ஒரு பித்தளைக் குப்பி, அதைச் சுற்றி ஸ்பிரிங், மேலே வட்டத் தட்டு. குப்பிக்குள் செப்புத் தூள் கலந்த மெழுகு இருக்கிறது. மெழுகு உருகினால் பருக்கும். பருத்த மெழுகு உள்ளே இருக்கும் சிறு கம்பியை நெருக்கும். கம்பிக்கு நகர வழியில்லாததால் குப்பியே பின்னால் தள்ளப்பட்டு, தட்டு திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த மெழுகுக் குப்பிதான் இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. அதன் உடம்பில் 82 அல்லது 88 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அந்த டிகிரியில் அது திறக்கத் தொடங்கும். மேலும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறினால் முழுதாகத் திறந்து நிற்கும்.

அந்த எண்ணை வைத்தே வாதத்தைத் தொடங்கலாம். சென்னையில் கத்திரி வெயிலில் 42 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தெர்மோஸ்டாட் எதிர்பார்ப்பது 82. இடையில் இன்னும் நாற்பது டிகிரி இருக்கிறது. லண்டன் குளிர்காலத்தில் 5 டிகிரி என்றால் இடைவெளி 77. அங்கே என்ஜின் சூடாகக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும், இங்கே கொஞ்சம் குறைவாக ஆகும். வித்தியாசம் அவ்வளவுதான். நம் ஊர் வெயில் எந்த என்ஜினையும் தானாக அதன் வேலைச் சூட்டுக்குக் கொண்டுபோய்விடாது. ஒரு காரின் ரேடியேட்டர் எதற்காக அளவெடுத்துச் செய்யப்படுகிறது? முழுச் சுமையோடு, ஏசி போட்டபடி, கோடை மதியத்தில் மேடு ஏறும்போதும் தாங்க வேண்டும் என்பதற்காக. அதே ரேடியேட்டர், திண்டிவனம் சாலையில் எண்பதில் நிதானமாகப் போகும் வண்டிக்கு அளவுக்கு மீறிப் பெரியது. தடுக்க வால்வு இல்லையென்றால் எதிர்க்காற்று என்ஜினைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். எழுபது டிகிரியைத் தொடாமலே வண்டி ஊர் போய்ச் சேரும்.

"சேரட்டுமே, குளிர்ச்சியா இருந்தா நல்லதுதானே?" என்பதுதான் அடுத்த கேள்வி. தவறின் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. மனித உடம்பைப் போலவே என்ஜினுக்கும் சூடு என்றாலே நோய் என்று நினைத்துவிட்டோம். என்ஜின் சூட்டில்தான் சரியாக ஓடும்படி செய்யப்பட்டது. எண்ணெய் டப்பாவைப் பாருங்கள். 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அந்த 30 என்ற தரம் 100 டிகிரியில் அளந்து கொடுத்தது. அதே எண்ணெயை 40 டிகிரியிலும் ஆய்வகத்தில் அளப்பார்கள். அங்கே அது ஐந்தாறு மடங்கு கெட்டியாக இருக்கும். நம் மெக்கானிக் எதை "வெயில் ஊர்" என்கிறாரோ, அந்த 40 டிகிரி எண்ணெயின் கணக்கில் குளிர்! கெட்டி எண்ணெயைக் கிளறிக்கொண்டு ஓடும் என்ஜின் அந்த உழைப்புக்கான பெட்ரோலை உங்கள் பையிலிருந்துதான் எடுக்கிறது.

கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளில் இழப்பு இன்னும் கூடுதல். மாருதி 800 கூடக் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறி ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்று, என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். 60 டிகிரி என்று அது சொன்னால், 'வண்டி இன்னும் சூடாகவில்லை' என்று எண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். பழைய வண்டியில் சோக்கை இழுத்துப் பிடித்தபடியே ஊர் முழுக்க ஓட்டுவதற்குச் சமம். மைலேஜ் இறங்கும், பிளக் கருக்கும். கொஞ்ச நாளில் செக் என்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனர் போட்டால் பி0128 என்று ஒரு பிழைக் குறியீடு வரும். கூலன்ட், தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய சூட்டுக்குக் கீழேயே நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். நம் பட்டறைகளில் இந்தக் குறியீட்டுக்கு என்ன வைத்தியம் நடக்கிறது? முதலில் சென்சாரை மாற்றுகிறார்கள். பிறகு குறியீட்டை அழித்து அனுப்புகிறார்கள். அது திரும்பி வருகிறது. இல்லாத வால்வை யாரும் தேடுவதில்லை; கழற்றியவர் வேறு பட்டறைக்காரராக இருப்பார்.

பலருக்குத் தெரியாத ஒரு கணக்கையும் சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். ஆவியாகப் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். காலையில் சைலன்சர் நுனியிலிருந்து சொட்டுவது அதுதான். சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எண்ணெய்க்குள் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். சூடேறவே விடாமல் வைத்தால் எங்கே போகும்? எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். வெண்ணெய் போல வெளிர்மஞ்சள் பிசுக்கு ஒட்டியிருந்தால் அது எண்ணெயும் தண்ணீரும் கலந்த கலவை. எரியாத பெட்ரோலும் அதோடு சேர்ந்து எண்ணெயை நீர்க்கச் செய்யும்; அமிலமும் சேரும்; அது சிலிண்டர் சுவரை அரிக்கும். இதெல்லாம் ஒரே நாளில் தெரியாது. என்ஜின் புகை கக்கத் தொடங்கும் நாளில், பல வருடங்களுக்கு முன் கழற்றிப் போட்ட வால்வு யாருக்கும் நினைவிருக்காது. "நான் கழட்டி பத்து வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலை" என்பவரின் சாட்சியம் இங்கேதான் அடிபட்டுப்போகிறது. ஓடுகிறது, மறுக்கவில்லை. என்ன விலை கொடுத்து ஓடுகிறது என்று அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தண்டனை கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடும். 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. அது நிறைந்ததும் கம்ப்யூட்டர் அதை உள்ளேயே எரித்துச் சுத்தம் செய்யும். ஆனால் என்ஜின் வேலைச் சூட்டில் இருந்தால்தான் அந்த வேலையைத் தொடங்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிய வண்டியில் கரி சேர்ந்துகொண்டே போய், கடைசியில் வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு முனகும். சில நூறு ரூபாய்ச் சாமானை அலட்சியம் செய்ததன் பில், பல ஆயிரங்களில் வடிகட்டியின் பேரில் வரும்.

இனி அவர்களுடைய பலமான வாதத்துக்கு வருகிறேன். "ஹீட் ஆன வண்டி, கழட்டினேன், முள் இறங்கிடுச்சு. கண்ணால பாத்தேன்." பார்த்தது உண்மைதான். ஆனால் முள் இறங்கியதற்குக் காரணம் என்ன? பாதி அடைத்துப்போன ரேடியேட்டரில் கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர் ஓடியது, அவ்வளவுதான். நோய் ரேடியேட்டரில் இருக்கிறது. அல்லது ஓடாத ஃபேனில், தேய்ந்த வாட்டர் பம்ப்பில், அழுத்தம் பிடிக்காத மூடியில், கசியும் ஹெட் கேஸ்கட்டில். வால்வைக் கழற்றினால் சமதளத்தில் அந்த நோய் மறைந்திருக்கும். பர்லியாறிலிருந்து குன்னூர் ஏறும்போது வெளியே வரும்.

கழற்றியதாலேயே கொதிக்கிற என்ஜின்களும் உண்டு. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள். பெரிய தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, அடியிலுள்ள சின்னத் தட்டு பைபாஸ் வழியை மூடும். அந்தப் பைபாஸ், என்ஜின் குளிராக இருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்ற விடுவதற்காக இருப்பது. வால்வையே எடுத்துவிட்டால் அதை மூட ஆள் இல்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பத் திரும்ப என்ஜினுக்குள் சுற்றும். சாதாரண ஓட்டத்தில் அதிகக் குளிர், மேட்டில் அதிகச் சூடு என்று இரண்டு கெடுதலும் ஒரே வண்டிக்கு வாய்க்கும். மோரிஸ் மைனர், மினி கார்களின் ஏ-சீரிஸ் என்ஜினைப் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெர்மோஸ்டாட்டை எடுத்தால் அந்த இடத்தை அவர்கள் வெறும் ஓட்டையாக விடமாட்டார்கள். பைபாஸ் துளையை மறைக்க ஓர் உலோக வளையத்தைச் செருகுவார்கள். பந்தயக்காரன் கூடச் சும்மா கழற்றவில்லை.

என் பக்கம் நிற்பவர்கள் சொல்லும் ஒரு தவறான காரணத்தையும் இங்கேயே கழித்துவிடுகிறேன். "தெர்மோஸ்டாட் இல்லேன்னா தண்ணி ரேடியேட்டர்ல வேகமா ஓடிடும், ஆற நேரம் இருக்காது" என்பார்கள். அது சரியில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் ஒவ்வொரு சுற்றிலும் குறைவாக ஆறினாலும், அடிக்கடி சுற்றி வருவதால் மொத்தத்தில் அதிகச் சூட்டைத்தான் வெளியேற்றும். நல்ல கட்சிக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை. பைபாஸ், எண்ணெய், பெட்ரோல் கணக்கு, இந்த மூன்றே போதும்.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் இதுதான். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிவிட்டால் சில நிமிடங்களில் என்ஜின் கொதிக்கும். கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். நடுவழியில் அப்படி நின்றால் என்ஜினை நன்றாக ஆற விட்டு, வால்வைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஊர் வந்து சேருவது சரியான காரியம். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில், நல்ல சாமான் கிடைக்காத ஊர்களில், மெக்கானிக்குகள் இதை வழக்கமாக்கிக்கொண்டதில் தவறு காண எனக்கு வாய் வரவில்லை. கார்புரேட்டர் வண்டி, கேட்க கம்ப்யூட்டர் இல்லை, சிக்கினால் வாடிக்கையாளர் திட்டுவது மெக்கானிக்கைத்தான். ஆனால் அன்றும் வால்வு ஏன் சிக்கியது? ரேடியேட்டரில் ஊற்றிய போர் தண்ணீரால். உப்பும் துருவும் சேர்ந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டன. குற்றம் செய்தது தண்ணீர், தண்டனை வால்வுக்கு. அம்பாசடர் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. அதன் வைத்தியம் மட்டும் இன்றைய கார்களில் தொடர்கிறது.

ஹீட் என்று வரும் எல்லா வண்டிக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்று என்றும் நான் சொல்லவில்லை. அதுவும் சோம்பேறித்தனம்தான். சிக்னலில் நின்றால் சூடு ஏறி, ஓடினால் இறங்குகிறதா? ஃபேனைப் பாருங்கள். நின்றால் சரியாக இருந்து, வேகத்திலும் மேட்டிலும் ஏறுகிறதா? ரேடியேட்டர் அடைப்பு, பம்ப். ரிசர்வாயர் டப்பாவில் விடாமல் குமிழ் வருகிறதா? ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே முள் சிவப்புக்கு ஏற, ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தே இருந்தால் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம். உள்ளே காற்று அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். முள் கீழேயே கிடந்து, நின்றால் ஏறி, ஓடினால் விழுந்தால், வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. முள்ளே இல்லாத கார்கள் இப்போது நிறைய. என்ஜின் குளிராக இருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணைய நெடுநேரம் எடுத்தால் அதுவும் சேதிதான். ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறு ரீடரும் போனும் இருந்தால் கூலன்ட் சூட்டை எண்ணாகவே பார்க்கலாம்.

கருவி எதுவும் இல்லாமலும் பார்க்க முடியும். இரவு முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சொல்லாமல் சுற்றும். நல்ல வால்வு உள்ள வண்டியில் ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். பிறகு திடீரென்று கை வைக்க முடியாதபடி சுடும். வால்வு திறந்த கணம் அது. முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு மூடவில்லை. சில என்ஜின்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அங்கே தொட்டுப் பார்க்க வேண்டியது அந்த ஹோஸை.

சந்தேகம் தீரவில்லையா? கழற்றிய வால்வை நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். பொறித்த எண்ணுக்கு அருகில் தட்டு மெல்ல அசையும். கொதிநிலை நெருங்கும்போது ஏறத்தாழ 8 மி.மீ. திறந்திருக்கும். இறக்கி ஆறவிட்டால் இடுக்கில்லாமல் மூட வேண்டும். ஊட்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 88 எண் வால்வு அங்கே பாத்திரத்தில் முழுதாகத் திறக்காது. அதைக் கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். காரில் ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்துவைப்பதால் அங்கே அந்தத் தொல்லை இல்லை.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. என்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இதில் அவசரப்பட்டு முகம் வெந்தவர்கள் உண்டு. கூலன்ட்டை வடித்து, ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்து, பழைய கேஸ்கட்டின் மிச்சத்தைக் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். குப்பியும் ஸ்பிரிங்கும் என்ஜின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். காற்று வெளியேற ஒரு சிறு துளையும் அதில் ஆடும் குட்டி ஊசியும் இருந்தால் அது மேலே வர வேண்டும். கேஸ்கட்டோ ரப்பர் ரிங்கோ, புதிது. அலுமினிய ஹவுசிங்கில் போல்ட்டை முறுக்கித் தள்ளாதீர்கள். பிறகு சரியான கூலன்ட். கலக்க வேண்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஎம் வாட்டர். ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்து வைத்து, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும் வரை என்ஜினை ஓடவிட்டு, ஆறிய பின் அளவு பார்த்து ஊற்றினால் வேலை முடிந்தது. இப்போதைய கார்கள் சிலவற்றில் வால்வும் பிளாஸ்டிக் ஹவுசிங்கும் ஒரே துண்டாக வருகின்றன. விலை கூடுதல்தான், ஆனாலும் ஹெட் வேலைக்கு அது கால் தூசு பெறாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வைத்தியம் இருக்கிறது: ஃபேனை "டைரக்ட்" கொடுப்பது. சாவியைத் திருப்பியதும் சுற்றத் தொடங்கி, அணைக்கும் வரை சுற்றும். ரிலேயோ சென்சாரோ கெட்டதைத் தேடிச் சரிசெய்ய அரை மணி ஆகும். ஒயரை இழுத்து முறுக்க ஐந்து நிமிடம். வால்வும் இல்லாமல் ஃபேனும் டைரக்டில் ஓடும் வண்டியைப் பழைய கார் சந்தையில் பார்த்தால் நான் விலை பேசமாட்டேன். ஹீட் ஆவதை யாரோ மூடி மறைத்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள்.

அடுத்த முறை உங்கள் மெக்கானிக் "கழட்டிடலாமா சார்?" என்று கேட்டால் அவரோடு சண்டை போட வேண்டாம். "கழட்டுங்கண்ணே, அதே எண் போட்ட புதுசை இன்னிக்கே போடுங்க" என்று சொல்லுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வரை அது கிடைக்கிறது. பழைய வால்வைக் கையில் கேட்டு வாங்குங்கள். புதியது உள்ளே உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.